சுவரில் நின்றுபோன பென்சில் கோடு

ஐயா, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்தையொட்டித் தாங்கள் எழுதிய தலையங்கம் படித்தேன். பரிசோதனை பற்றி விரிவாகச் சொன்னீர்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் பற்றி ஒரு வரி இல்லை. அறுவை சிகிச்சையில் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை (உடல் திரவத்தை வடிகட்டும் சிறு முடிச்சுகளை) எடுத்தவர்களுக்குத் தோள் இறுகலாம், கை வீங்கலாம். பயிற்சி விட்டுப்போகக் கூடாது. என் அக்கா சுவரில் விரல்களை மெல்ல ஏற்றி, எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்து வந்தார். மருத்துவமனைப் பயிற்சி முடிந்த மூன்றாம் வாரமே கோடு நின்றுவிட்டது. "இன்னைக்குக் கை எப்படி இருக்கும்மா?" என்று பிசியோதெரபிஸ்ட் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பத் தொடங்கிய பிறகுதான் அது மறுபடி மேலே ஏறியது.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் இயன்முறை சிகிச்சையை (பிசியோதெரபியை) வீட்டுக்கே கொண்டுவருகிறது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களையும் அதில் சேர்த்து, வாரம் ஒரு தமிழ்க் குரல் பதிவும் சின்ன வீடியோவும் அனுப்பலாம். கை வீங்கினால் உடனே கேட்க ஓர் எண்ணும் தர வேண்டும்.

- வாசகி, கும்பகோணம்