துணை அதிபர் வேட்பாளரை ஏற்கும் முன்: கட்சி மாநாட்டுப் பேராளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி ஆகியவற்றின் 2028ஆம் ஆண்டு தேசிய மாநாடுகளில் அமரவிருக்கும் பேராளர்களுக்கு, தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வாக்குரிமை பெற்ற ஒருவரின் வணக்கம்.

2024 ஜூலை 15 அன்று மில்வாக்கியில் குடியரசுக் கட்சி மாநாடு தொடங்கியது. ஜே.டி. வான்ஸின் பெயரை டிரம்ப் அறிவித்ததும் அன்றுதான். பேராளர்கள் குரல் வாக்கெடுப்பில் அவரை ஏற்றுக்கொண்டதும் அன்றுதான். எதிர்முகாமில், பைடன் போட்டியிலிருந்து விலகிய 16ஆம் நாள் கமலா ஹாரிஸ் டிம் வால்ஸைத் தேர்ந்தெடுத்தார். இரு கட்சிகளிலும் முடிவு ஒருவருடையது. கைதட்டல் மட்டுமே உங்களுடையது. இந்த வழக்கத்தை மாற்றும்படி கேட்கவே எழுதுகிறேன்.

துணை வேட்பாளர் வெற்றி தேடித் தருவார் என்னும் நம்பிக்கைக்கு அனைவரும் சுட்டுவது 1960ஆம் ஆண்டை. லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டில் தம்மோடு போட்டியிட்ட டெக்சஸ் செனட்டர் லிண்டன் ஜான்சனையே, தொழிற்சங்கத் தலைவர்களின் எதிர்ப்பையும் மீறி, கென்னடி துணைக்கு அழைத்தார். மாசசூசெட்ஸைச் சேர்ந்த இளம் கத்தோலிக்கரைத் தென்மாநிலங்கள் ஐயத்தோடு பார்த்த காலம் அது. ஜான்சன் ரயிலேறித் தெற்கெங்கும் ஊர் ஊராக நின்று பேசினார். டெக்சஸ் சுமார் 46,000 வாக்கு வித்தியாசத்தில், தன் 24 தேர்வாளர் வாக்குகளோடு (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க மாநிலங்களுக்கு ஒதுக்கப்பட்ட வாக்குகள்), கென்னடிக்குக் கிடைத்தது. ஆயினும் கென்னடி பெற்ற தேர்வாளர் வாக்குகள் மொத்தம் 303. டெக்சஸை மட்டும் இழந்திருந்தாலும் பெரும்பான்மைக்குத் தேவையான 269ஐ அவர் தாண்டியிருப்பார். ஆகவே ஜான்சனின் பங்கை ஒரு மாநிலக் கணக்கில் அடக்குவது தவறு. கரோலினாக்கள் முதல் லூசியானா வரை பழைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர் கட்சியை விட்டு விலகாமல் இருக்க அவர் உதவினார் என்பதே நான் காணும் உண்மை.

சொந்த மாநிலத்தைக் கொண்டுவருவார் என்று நம்பித் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிந்தைய தேர்தல்களே சான்று. 1988இல் லாய்ட் பென்ட்சனால் டெக்சஸையும், 2004இல் ஜான் எட்வர்ட்ஸால் வட கரோலினாவையும், 2012இல் பால் ரயனால் விஸ்கான்சினையும் தம் அணிக்குப் பெற்றுத்தர முடியவில்லை. 1992இல் கிளின்டன் இந்தக் கணக்கையே தூக்கி எறிந்து, பக்கத்து மாநிலமான டென்னசியிலிருந்து, தம் வயதையொத்த அல் கோரைத் தேர்ந்தெடுத்து வென்றார். வான்ஸ் பிறந்த ஓஹாயோ, அவர் வருவதற்கு முன்பே இரண்டு முறை டிரம்புக்கு வாக்களித்த மாநிலம்.

துணை வேட்பாளர் உதவவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. 1980இல் தம் பொருளாதாரத் திட்டத்தை மாந்திரீகம் என்று பழித்த ஜார்ஜ் புஷ்ஷையே ரேகன் சேர்த்துக்கொண்டது, கட்சியின் மிதவாதிகளை உடன் வைத்திருந்தது. 2020இல் கமலா ஹாரிஸ் துணை வேட்பாளரானபோது, மன்னார்குடி அருகேயுள்ள அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் வரை எழுந்த மகிழ்ச்சியை நானும் உணர்ந்தவன். ஆனால் அந்த மகிழ்ச்சி எத்தனை வாக்குகளாக மாறியது என்று அளந்து சொல்ல முடியுமா? எனக்குத் தெரிந்தவரை, துணை வேட்பாளரைப் பார்த்து வாக்காளர் எடைபோடுவது அவரைத் தேர்ந்தெடுத்தவரின் நிதானத்தைத்தான். 1972இல் ஜனநாயகக் கட்சியின் துணை வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன் மனச்சோர்வுக்காக மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றிருந்தது மாநாடு முடிந்த பின்னரே வெளிவந்தது. வேட்பாளரான 18 நாட்களில் அவர் விலக நேர்ந்தது. நோயுற்றிருந்தது அவர் குற்றமன்று. அவரை அவசரத்தில் ஆராயாமல் தேர்ந்தெடுத்த அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன், தம் தீர்ப்பின் மீதான நம்பிக்கையை அன்றே இழந்தார்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. அதிபரின் மரணத்தாலோ விலகலாலோ ஒன்பது துணை அதிபர்கள் அப்பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். ஹாரி ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாட்களே. அணுகுண்டுத் திட்டத்தின் விவரம் அவருக்குத் தெரிய வந்ததே அதிபரான பிறகுதான். 1967இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 25ஆம் திருத்தத்தின்படி, பதவிக்காலத்தின் நடுவே துணை அதிபரை நியமித்தால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். 1974 ஆகஸ்டில் நியமிக்கப்பட்ட நெல்சன் ராக்ஃபெல்லரை விசாரித்து ஒப்புதல் தர டிசம்பர் வரை ஆனது. அதே பதவிக்குத் தேர்தல் வழியாக வருபவரைச் சில மணி நேரத்தில் நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள்.

1956இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஸ்டீவன்சன் செய்தது போல் தேர்வை முழுவதுமாக உங்களிடம் விட்டுவிட வேண்டும் என்று நான் கோரவில்லை. இணைந்து ஆட்சி செய்யப்போகிறவரை முன்மொழியும் உரிமை வேட்பாளருக்கு இருக்கட்டும். ஆனால் அந்தப் பெயர் மாநாட்டுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக வெளியிடப்பட வேண்டும் என்றும், அவர் பேராளர்கள் முன் வெளிப்படையாகக் கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டும் என்றும், குரல் வாக்கெடுப்புக்கு மாறாக மாநிலவாரியாகப் பெயர் அழைத்து வாக்குகள் பதிவாக வேண்டும் என்றும் உங்கள் கட்சி விதிகளில் சேர்க்க முன்மொழியுங்கள். விதிகள் குழுக்கள் கூடும்போது இம்மூன்றையும் எழுத்தில் வையுங்கள் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்