ஊழிப்பொறி மீண்டும் சுழல்கிறது: ஒரு நன்றி மடல்

அன்புள்ள வாசகர்களுக்கு வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை இரவு, இணையத்தில் நான் வரைந்துவரும் சித்திரக்கதையான பொழிக்காரியின் 412ஆம் பகுதியை வலையேற்றிவிட்டு, விடியும்வரை தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதங்களுக்கு முன்னால் என் பக்கங்களை நான் இழந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை இன்னொரு முறை எழுதக் கை வரவில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக வரைந்துவந்த கதை அத்தோடு முடிந்துவிட்டது என்று நானே நம்பியிருந்த நாட்களில், முடியவில்லை என்று எனக்குக் காட்டியவர்களுக்காகவே இந்த மடல்.

கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த பழைய பக்கங்களை மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும், கடல் கடந்து கொழும்பிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் அனுப்பிய அத்தனை பேருக்கும் என் நன்றி. அந்தப் படங்களின் அகலம் 800 பிக்சல்தான்; ஏ4 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில் அச்சிட ஏறத்தாழ 2480 பிக்சல் வேண்டும் என்பதால் புத்தகத்துக்கு அவை நேராக உதவமாட்டா. ஆனாலும் அவற்றை அடியில் வைத்து, அதே கோடுகளின் மேல் மறுபடி மை தீட்ட முடிகிறது. இதுவரை 60 பக்கங்கள் அப்படித்தான் மீண்டிருக்கின்றன. தன் வரைபலகையை இரவல் தந்துவிட்டுத் திருப்பிக் கேட்காத தோழிக்கும், விடுமுறையைக் கொடுத்து வண்ணம் நிரப்பித் தந்த கல்லூரி மாணவர்களுக்கும், இரவில் புட்டும் பயறும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் போன பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் யாருடைய கைப்பேசியிலும் இல்லாத படம் ஒன்று இருந்தது. கதையில் வரும் மாபெரும் இயந்திரமான ஊழிப்பொறியை, வெளியிடாமல் எட்டு மாதங்களாக வரைந்துகொண்டிருந்த இரட்டைப் பக்கம் அது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று கடல் பெயர்த்தெறிந்த மணக்குடிப் பாலத்தருகே, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் தொடங்கிய கதை இத்தனை ஆண்டுகளும் அந்தப் பக்கத்தை நோக்கியே நடந்தது. மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் 115 அடி உயரத் தூண்களைப் போன்ற கால்கள், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைக் குடிக்கும் இறக்கைகள், பத்மநாபபுரம் அரண்மனைக் கடிகாரத்தைப் பார்த்து வரைந்த எடைக்கட்டிகள், மணவாளக்குறிச்சிக் கருமணலின் தோரியத்தை எரிக்கும் உலை என்று இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் என் கண்ணை நிறுத்திய ஒவ்வொன்றும் அதற்குள் இருந்தது. அவற்றின் நடுவே ஐந்து மாபெரும் பல்சக்கரங்கள், ஐந்து திணைகளாக, ஒன்றையொன்று கடித்தபடி ஒரு வளையமாக நின்றன. பாலையைத் தவிர மற்ற நான்கு நிலங்களும் அடுத்தடுத்து அமைந்த மண் நம்முடையது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது பழைய தமிழ் மரபு. அந்தத் திரிபை ஒரே இரவில் நிகழ்த்துவதுதான் ஊழிப்பொறியின் வேலை. எனவே சக்கரங்கள் ஐந்தாக இருப்பது எனக்கு அலங்காரமன்று, கதையின் உயிர்.

அதை நினைவிலிருந்து திரும்ப வரைய உட்கார்ந்தபோது ஒரு கோடும் நேராக விழவில்லை. உண்மையான பல்சக்கரங்களைப் பார்த்தாவது வரைவோம் என்று, கோட்டாறு பக்கத்தில் உள்ள ஒரு சிறிய லேத் பட்டறைக்குப் போனேன். உள்ளே இருந்த அண்ணாச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். அவர் என் கதையைப் படித்தவரல்லர். எனக்கு நேர்ந்ததும் அவருக்குத் தெரியாது. என் பென்சில் படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “மக்ளே, இது சுத்தாது கேட்டியா.”

எனக்கு முகம் சுருங்கிப்போனதை அவர் கவனித்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்திவிட்டு, திருகுப் புரி வெட்டும்போது மாற்றி மாற்றி மாட்டுகிற சேஞ்ச் வீல்களை ஒரு தகரப் பெட்டியோடு இழுத்து வைத்தார். பழைய பலகை ஒன்றில் போல்ட்டுகளை நிறுத்தி, ஐந்து சக்கரங்களை என் படத்தில் இருப்பதுபோலவே வளையமாக மாட்டினார். “சுத்திப் பாரு” என்றார். இரண்டு கையாலும் முயன்றேன். பல் அளவுகூட அசையவில்லை. “ஒண்ணு அங்கோட்டு சுத்துனா அடுத்தது இங்கோட்டு சுத்தும். அப்போ அஞ்சாமத்தது எங்கோட்டு சுத்தும்?” ஒன்றும் மூன்றும் ஐந்தும் ஒரே திசையில் சுழன்றாக வேண்டும், ஆனால் ஐந்தாவது முதலாவதைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. ஒற்றைப்படைச் சக்கரங்களால் மூடிய வளையம் ஒருநாளும் சுழலாது. எட்டு மாதம் நான் வரைந்தது, தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொண்ட ஒரு பொறியைத்தான்.

ஐந்தைக் குறைக்க முடியாது என்று திணைகளைப் பற்றி அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் பெட்டிக்குள் கைவிட்டு, 20 பல் கொண்ட மிகச் சிறிய சக்கரம் ஒன்றை எடுத்தார்; ஐந்தாவதைச் சற்றே விலக்கி, அந்த இடைவெளியில் இதைப் பொருத்தினார். விரலால் லேசாகத் தொட்டேன். ஆறும் சுழன்றன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கிளம்பும் நேரத்தில், போகிற போக்கில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைத்தான் 412ஆம் பகுதியில் நீங்கள் பார்த்தீர்கள். “இந்தச் சின்னதை உருவிட்டு, பெரிசு ரெண்டையும் சேத்துக் கடிக்க விட்டியானா, அஞ்சும் அப்படியே நின்னு போவும்.” ஊழிப்பொறியைப் பொழிக்காரி எப்படி நிறுத்துவாள் என்று எனக்கே பல ஆண்டுகளாகத் தெரியாமல் இருந்தது. இடியாலும் அலையாலும் அதைத் தகர்க்கும் பக்கங்களை வரைந்து வரைந்து கிழித்திருக்கிறேன். அவள் அந்தச் சிறு சக்கரத்தைப் பிடுங்கி, பாலைச் சக்கரத்தை அச்சோடு தோளால் தள்ளிக் குறிஞ்சியின் மேல் சாய்க்கும் காட்சிக்காக உங்களில் பலர் என்னைப் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாராட்டு முழுவதும் கோட்டாற்றுக்கு உரியது. அரைநாள் கூலியை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருத்தியின் படம் சுழல வேண்டும் என்று அக்கறைப்பட்ட மனிதர் அவர். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை; படம் முடிந்ததும் கொண்டுவந்து காட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

சிவகாசியில் அச்சான சித்திரக்கதைகளைப் படித்து வளர்ந்தவள் நான். இயந்திரம் என்றால் மிரட்ட வேண்டும், அது இயங்க வேண்டியதில்லை என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். இனி சுழல முடியாத ஒரு சக்கரத்தையும், சுமை தாங்காத ஒரு தூணையும் தெரிந்தே வரையமாட்டேன் என்று உங்கள் எல்லோரின் முன்னிலையிலும் உறுதி சொல்கிறேன். மீதமுள்ள பக்கங்களுக்குக் காலம் பிடிக்கும். காத்திருப்பீர்கள் என்று இப்போது ஐயமின்றி நம்புகிறேன்.

திங்கட்கிழமை காலை, பெரிய தாளில் அச்சிட்ட இரட்டைப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவருடைய பெட்டியிலேயே பெரிதான 127 பல் சக்கரத்தைத்தான் பாலைக்கு மாதிரியாகக் கொண்டிருந்தேன். அண்ணாச்சி தாளை மேசையில் விரித்து, அந்தச் சக்கரத்தின் பற்களை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். 81க்கு வந்தபோது, விசைப்படகின் ஷாஃப்ட்டைத் தோளில் சுமந்தபடி ஒருவர் வாசலில் வந்து நின்றார். அண்ணாச்சி சாக்குக்கட்டியை எடுத்து அந்தப் பல்லின் மேல் ஒரு புள்ளி வைத்தார். “மிச்சத்தை நாளைக்கு எண்ணிச் சொல்லுதேன், இங்க வச்சிட்டுப் போ” என்றார். படம் இப்போது அங்கேதான் இருக்கிறது.

நன்றியுடன்,
பொழிக்காரியை வரைபவள்,
நாகர்கோவில்.