கிழியாத ஜீன்ஸ்

மன்னார்குடி

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். நீ கேட்டிருந்த மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். இப்போது வீட்டில் எந்நேரமும் என் மகளின் ஜீன்ஸ் பேச்சுதான். ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு வந்தவள், வரலாறு, இசை, கலகம் மூன்றையும் கருவாக வைத்து டெனிம் ஆடைகளுக்கென்று சொந்த பிராண்டு தொடங்கப்போகிறாள். மாதிரிகளைத் தைப்பவர் நம் பழைய தையற்காரர். 1990-களில் நாம் ரஃப் அண்ட் டஃப் ஜீன்ஸ் துணியை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஊசி முறிகிறதென்று நம்மைத் திட்டினாரே, அவரேதான்.

முதல் மாதிரியில் ஜீன்ஸின் முழங்காலில் கிழிசலும் ஜாக்கெட்டின் முதுகில் கித்தார் படமும் இருந்தன. அந்தக் கிழிசலுக்கு அமெரிக்காவில் பொருள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ரீனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் பையோரங்களில் செம்பு ரிவெட் ஆணி அடிக்கும் முறைக்கு 1873-இல் காப்புரிமை பெற்றது, உழைப்பாளியின் கால்சட்டை கிழியக்கூடாது என்பதற்காகத்தான். 1976-இல் ரமோன்ஸ் என்ற பங்க் ராக் இசைக்குழுவினர் தங்கள் முதல் இசைத்தட்டின் உறையில் அதையே கிழிந்த கோலத்தில் அணிந்து நின்றார்கள். அதற்கும் முன்பு, 1960-களில், கறுப்பின உரிமைப் போராட்டத்து மாணவர்கள் கோட்டையும் டையையும் கழற்றிவிட்டு, தென்மாநிலங்களில் விளைச்சலில் பங்குக்குப் பயிரிட்ட ஏழைகளின் டெனிம் ஓவராலை, அதாவது மார்புவரை மறைக்கும் வாருள்ள கால்சட்டையை, அணிந்தார்கள். படித்தவர்கள் உழவரின் உடைக்கு வந்தது அங்கே கலகம்.

நம் பக்கத்தில் கதை நேர் எதிர். கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கவும் தோளில் துண்டு போடவும் முடியாமல் இருந்த காலம் உண்டு. பொதுவுடைமைத் தலைவர் சீனிவாசராவ் போன்றோர் வளர்த்த விவசாயிகள் சங்கம் சாட்டையடியையும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையையும் எதிர்த்தபோதுதான் அந்தக் கட்டும் தளர்ந்தது. நாகசுரக்காரர்களுக்கும் இதே கதிதான். கானாடுகாத்தானில் மதுரை சிவக்கொழுந்துவைத் துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்கக்கூடாது என்று அவர் பக்கம் நின்றவர் சுயமரியாதை இயக்கத்தின் நம் பட்டுக்கோட்டை அழகிரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோ குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்து, ஷெர்வானி போட்டுக்கொண்டு கச்சேரி செய்தார். சுருதிக்கு ஊதும் ஒத்துக்குழலுக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். முழுத்துணி உடுத்துவதற்கே போராட வேண்டியிருந்த மண்ணில் கிழிசலை விலைக்கு விற்பது என்ன கலகம் என்று மகளிடம் கேட்டேன். வாங்கப்போவது சென்னைப் பிள்ளைகள் என்று அவள் வாதாடினாள். ஆனாலும் அடுத்த மாதிரியில் கிழிசல் இல்லை. ஜாக்கெட்டின் இடத்தோளில் ஒரு துண்டின் அகலத்துக்கு இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தாள். கித்தாரை எடுத்துவிட்டு ராஜரத்தினத்தின் படத்தை முதுகில் அச்சடிக்கலாமா என்றாள். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கிழிக்காமலே டெனிம் பழசாகும் அழகு தனி. ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்றைப் பிரித்து நகத்தால் சுரண்டிப் பார், உள்ளே வெள்ளையாக இருக்கும். நீலச் சாயத்தில் முக்கி எடுக்கும்போது பச்சையாக வரும் நூல், காற்றுப் பட்டபிறகுதான் நீலமாகிறது; சாயம் நூலின் மேற்புறத்தோடு நின்றுவிடுவதால், உடுத்துகிறவரின் முழங்காலும் இடுப்பும் எங்கே மடங்குகின்றனவோ அங்கே வெளுக்கிறது.

அந்த வெளுப்பைப் பட்டறையிலேயே வரவழைக்கும் வாஷிங்தான் என் கவலை. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதையும், 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் நீ அங்கேயே இருந்து பார்த்தவன். நொய்யல் போய்ச் சேர்வது காவிரியில்; காவிரித் தண்ணீர் வருவது என் வயலுக்கு. வாஷ் செய்யாத துணியாகவே விற்கட்டும் என்பது என் கட்சி. அவளோ, நீலம் வெள்ளைச் சட்டையில் ஒட்டினால் கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிறாள், அதுவும் நியாயந்தான். ஆகவே, கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் பட்டறைகளில் சிறிய ஆர்டர் எடுப்பவர்கள் யார், நூறு உருப்படிக்குக் குறைந்தால் கூலி எவ்வளவு என்று விசாரித்து எழுது. பொங்கலுக்குள் தெரிந்தால் நல்லது, அதற்குப் பிறகு நான் சம்பா அறுப்பில் இருப்பேன்.

அன்புடன்,
உன் மன்னார்குடி நண்பன்