அகமது கமாலைப் பற்றி வேலாயுதத்துக்கு

அன்புள்ள வேலாயுதம்,

நலம். நீயும் வீட்டாரும் நலம் என்று நம்புகிறேன். தங்கைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாக மலர் சொன்னாள். சொட்டு மருந்தை அவளே விடட்டும். நீ கையை வைக்காதே, உன் நிதானத்துக்கு அது காதில்தான் போய் விழும்.

கெய்ரோவிலிருந்து திரும்பியது முதலே உனக்கு எழுத வேண்டும் என்று மனம் பரபரத்துக்கொண்டிருக்கிறது. பிரமிடைப் பற்றி அல்ல. அதையும் ஒட்டகக்காரரிடம் உன் மருமகன் பேரம் பேசிய அழகையும் நேரில் சொல்கிறேன். இது வேறு விஷயம்.

தஹ்ரீர் சதுக்கத்தில் இருக்கும் பழைய அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் ஒகுஸ்த் மரியத்தின் நினைவிடம் இருக்கிறது. எகிப்தின் தொல்பொருள் துறையை 1858-இல் தொடங்கி நடத்திய பிரெஞ்சுக்காரர். அவரைச் சுற்றி அறிஞர்களின் மார்பளவுச் சிலைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஐரோப்பியப் பெயர்களாகவே வாசித்துக்கொண்டு வந்தவன், அகமது கமால் என்ற பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நம் கல்லூரி நூலகத்தில் எகிப்து அலமாரியையே காலி செய்தவர்கள் நீயும் நானும். இந்தப் பெயரை நாம் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. உனக்கு இருக்கிறதா?

அவருடைய கதையைத் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது.

1869-இல் கெய்ரோவில் பழைய எகிப்திய மொழியைக் கற்பிக்க ஒரு பள்ளி திறக்கிறார்கள். தலைமை ஏற்றவர் ஹைன்ரிக் புருக்‌ஷ் என்ற ஜெர்மானியர். அங்கே சேர்ந்த எகிப்திய இளைஞர்களில் கமாலும் ஒருவர். பையன்கள் சித்திர எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு கல்வெட்டைப் பார்த்து எழுத முடியாது. உள்ளூர்க்காரர் எவரையும் நகலெடுக்க விடக்கூடாது என்று மரியத் அருங்காட்சியக ஊழியர்களுக்குக் கட்டளை போட்டிருந்தாராம். அந்தப் பையன்களைத் தன் அருங்காட்சியகத்து வேலைக்கு அமர்த்திவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். புருக்‌ஷே தம் வாழ்க்கைக் குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். 1874-இல் பள்ளியையும் மூடிவிட்டார்கள். படித்து முடித்தவர்களுக்குத் துறையில் ஒரு நாற்காலி கூட இல்லை. கமால் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போனார். 1881-இல் மரியத் இறந்த பிறகுதான் அருங்காட்சியகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

அந்த ஆண்டுதான் தெற்கு எகிப்தில் லக்சர் பக்கத்தில் அந்தப் பெரிய கண்டுபிடிப்பு. உனக்கு ஞாபகம் இருக்கும், சாமிநாதன் சார் மேசையில் ஏறி உட்கார்ந்து சொன்னாரே, அதேதான். குர்ணா கிராமத்து அப்துல் ரசூல் சகோதரர்கள் மலையிடுக்கில் ஒரு குழியைக் கண்டுபிடித்து, பல ஆண்டுகளாக ரகசியமாக உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்து விற்றுவந்தார்கள். சந்தையில் அரச குடும்பத்துப் பொருள்கள் தலைகாட்டவும் மரியத்துக்குப் பின் துறைத் தலைவரான மாஸ்பெரோவுக்குச் சந்தேகம் வந்தது. கெனாவுக்குக் கொண்டுபோய்ச் சகோதரர்களை அடித்து விசாரித்தார்கள். வாய் திறக்கவில்லை. கடைசியில் வீட்டுக்குள்ளேயே பங்குச் சண்டை முற்றி மூத்தவன் காட்டிக்கொடுத்தான். மாஸ்பெரோ அப்போது பிரான்சில். ஜூலை 6-ஆம் தேதி எமில் புருக்‌ஷ் அங்கே போனார். ஹைன்ரிக்கின் தம்பி அவர். உடன் போனவர்களில் ஒருவர் கமால்.

சுமார் 12 மீட்டர் ஆழக் குழிக்குள் கயிற்றில் இறங்கினால், இருட்டில் சவப்பெட்டிக்குப் பின் சவப்பெட்டி. முதலாம் சேத்தி, மூன்றாம் துட்மோஸ், இரண்டாம் ராம்சேஸ். கல்லறைத் திருடர்களுக்குப் பயந்து பழங்காலப் பூசாரிகளே இந்த அரசர்களை இடம் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து ஒரே குழியில் ஒளித்துவைத்திருந்தார்கள். ராம்சேஸின் மரப்பெட்டி மேலே, மார்புக்கு நேராக, மையால் எழுதிய வரிகள் இருக்கின்றன. எந்த ஆண்டில் யார் பொறுப்பில் எங்கிருந்து எங்கே மாற்றினார்கள் என்று பூசாரிகள் எழுதிய குறிப்பு அது. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அலுவலகக் குறிப்பு, வேலாயுதம்! அதைப் படிக்கத் தெரிந்த எகிப்தியர் ஒருவர் அன்று அந்த இடத்தில் இருந்தார் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் யார் எங்கே கிடந்தார் என்று ஒரு வரைபடம் இல்லை, ஒரு புகைப்படம் இல்லை. கொள்ளை போய்விடும் என்று பயந்து 48 மணி நேரத்தில் குழியைக் காலி செய்துவிட்டார்கள். பயம் நியாயமானதுதான். இருந்தாலும் ஒருவரை உட்காரவைத்து எழுதச் சொல்லியிருக்கலாம் அல்லவா? எழுதத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தாரே! அந்த அரசர்களை ஏற்றிய கப்பல் நைல் வழியாக வடக்கே போனபோது கரையோரக் கிராமத்துப் பெண்கள் தலைவிரி கோலமாக அழுதுகொண்டே ஓடினார்களாம், ஆண்கள் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டார்களாம், தங்கள் வீட்டுச் சாவுக்குச் செய்வது போலவே. அந்த ராம்சேஸ் இப்போது தஹ்ரீரில் இல்லை. 2021-இல் ஊர்வலமாக கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் இருக்கும் புது அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே போய்ப் பார்த்தேன். வளைந்த மூக்கு, செம்பட்டை முடி. அறையில் ஒருவரும் பேசவில்லை.

கமால் விடவில்லை. அருங்காட்சியகத்திலேயே சில மாணவர்களைச் சேர்த்துப் பாடம் நடத்தினார். அரபியில் எழுதினார். துட்டன்காமன் கல்லறை 1922-இல் கிடைத்து உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சமயம், எகிப்தியர்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்று துறைத் தலைவர் லாக்கோவிடம் கேட்டார். உங்களில் யாருக்கு இதில் அக்கறை இருக்கிறது என்றாராம் அவர். அறுபத்தைந்து ஆண்டுகளாகத் துறை உங்கள் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தானே இருக்கிறது, எங்களுக்கு என்ன வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்று கமால் திருப்பிக் கேட்டார். இதற்கு மேல் அந்த மனிதர் என்ன சொல்ல வேண்டும்?

1923-இல் இறந்துபோனார். பழைய எகிப்திய மொழிச் சொற்களுக்கு அரபியிலும் பிரெஞ்சிலும் பொருள் எழுதி 22 தொகுதிகளாக ஓர் அகராதி செய்து வைத்திருந்தார். எல்லாம் கையெழுத்துப் பிரதி. அவர் காலத்தில் அது அச்சேறவில்லை. அவர் பிள்ளைகள் காலத்திலும் இல்லை. இந்த நூற்றாண்டு பிறந்த பிறகுதான் தொகுதிகள் வெளிவரத் தொடங்கின. எத்தனை வீடு மாறியிருக்கும், எத்தனை பூச்சிக்குத் தப்பியிருக்கும் அந்தத் தாள்கள்!

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. காரணம் உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அருணாசலத்தின் நோட்டுகள் எங்கே? தரங்கம்பாடியிலும் நாகூரிலும் படகுத் துறையில் உட்கார்ந்து, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் கிழவர்கள் சொன்ன பெயரையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினானே, அந்த நோட்டுகள். அவன் போன பிறகு கமலா உன் தம்பியிடம் கொடுத்ததாகச் சொன்னாள். பரணில் ஏற்றிவைத்திருப்பதாகக் கேள்வி. அந்த ஓட்டு வீட்டுப் பரணில் ஐப்பசி மழை எப்படி ஒழுகும் என்று உனக்குத் தெரியாதா? நாம் மூன்று பேரும் அங்கே சட்டி வைத்துத் தண்ணீர் பிடித்தவர்கள்தானே.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தம்பி வீட்டுக்குப் போ. நோட்டுகளை இறக்கி உன் பீரோவில் வை. நாளைக்கு என்று தள்ளாதே, உன் நாளை எனக்குத் தெரியும். மலரிடம் சொல்லி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். அவன் எழுத்து உனக்குப் புரியாது, எனக்குப் புரியும். தட்டச்சு செய்யும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அச்சுச் செலவைப் பற்றி இப்போதே கணக்குப் போட்டு முகத்தைச் சுளிக்காதே. முதலில் நனையாமல் இருக்கட்டும்.

தம்பி மறுத்தால் உடனே போன் செய். நானே ரயில் ஏறி வருகிறேன்.

அன்புடன்,
சிவராமன்