யார் கையெழுத்தில் போனோம்?

மன்னார்குடி,
ஐப்பசி, அடைமழை.

அன்புள்ள சேது,

மிலிட்டரி போய்விட்டார். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் பெண் எடுத்து, "அப்பா தூங்குறாங்க மாமா" என்பாள், நீயும் திருப்பிக் கூப்பிட மாட்டாய். அதனால்தான் கடிதம். கஷ்டப்படவில்லை. காலையில் டீ குடித்தார், திண்ணையில் சாய்ந்தார், அவ்வளவுதான். காரியத்துக்குத் தலைஞாயிறு போயிருந்தேன். ராஜாங்கம் அங்கேயும் அந்த கேரம் போர்டு கதையை எடுத்தான், நான்தான் அடக்கினேன். எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். "டெல்லிக்காரன் எங்கே வரப்போறான்" என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள், ஆனால் மறுக்காதே.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். குறுவை மழைக்கு முன்னால் களத்தைவிட்டு ஏறிவிட்டது. சம்பா நட்டாயிற்று, வடிகாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நான் எழுத வந்தது வேறு. அமைதிப்படையில் இலங்கைக்குப் போய்த் திரும்பின மிலிட்டரி, சீட்டாட்டத்தின் நடுவே ஒரு கேள்வி கேட்பாரே, நினைவிருக்கிறதா? "வக்கீலே, எங்களை அந்தக் கரைக்கு அனுப்பினாங்களே, அதுக்கு யாரு யாருகிட்ட சம்மதம் கேட்டா?" நீ உடனே "கேபினட்" என்பாய், சீட்டைப் போடு என்பாய். அவர் விடமாட்டார். "கேபினட் சரி. நாங்க ஓட்டுப் போட்டு அனுப்பினவன் கை தூக்கினானா?" கடைசியாகப் பார்த்தபோதும் இதையேதான் கேட்டார். அவர் போன பிறகு அந்தக் கேள்வி என் மேஜைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த மழை நாட்களில் வேறு வேலையே பார்க்கவில்லை.

பதில் ரொம்பச் சின்னது. யாரும் கை தூக்க வேண்டிய அவசியமே இல்லை. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தேவைப்பட்டால் இந்திய அமைதிப்படையை இலங்கை அதிபர் அழைக்கலாம் என்று அதன் இணைப்பில் ஒரு பத்தி. மறுநாளே நம் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அக்டோபரில் காவல் வேலை புலிகளோடு சண்டையாக மாறியது. 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் கிளம்பும்போது ஏறத்தாழ 1,200 சிப்பாய்கள் திரும்பவில்லை. அங்கே செத்த சனங்களின் கணக்கை இன்றுவரை யாரும் நேர்மையாகக் கூட்டிச் சொல்லவில்லை. காவல் காக்கப் போன படை போர் செய்யும் படையாக மாறிய அந்த அக்டோபரில்கூட, சபையிடம் புதிதாக அனுமதி வாங்கச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை, சேது.

அரசியலமைப்பின் ஆர்ட்டிக்கிள் 53-ஐ எடுத்துப் பார். இரண்டாம் உட்பிரிவு. படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கும், அந்த அதிகாரத்தைச் செலுத்துவது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் என்று இருக்கிறது. எழுதியவர்கள் மறந்துவிடவில்லை; சட்டம் வர வேண்டும் என்றே எழுதி வைத்தார்கள். என்ன சட்டம் வந்தது? 1950-ல் ராணுவச் சட்டம், விமானப்படைச் சட்டம், 1957-ல் கடற்படைச் சட்டம். சிப்பாய் சல்யூட் அடிக்காவிட்டால் என்ன தண்டனை, சொல்லாமல் ஓடிப்போனால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் உண்டு. அவனைக் கடல் தாண்டி அனுப்புகிறவர் யாரைக் கேட்க வேண்டும் என்பது இல்லை. ஒன்றியப் பட்டியலில் போரும் அமைதியும் 15-வது இனம், அதாவது நாடாளுமன்றம் நினைத்தால் நாளைக்கே சட்டம் போடலாம். நெருக்கடி நிலை அறிவித்தால்கூட ஒரு மாதத்துக்குள் இரு அவையும் ஒப்ப வேண்டும் என்று 352 சொல்கிறது. அந்நிய மண்ணில் பல்லாயிரம் பேரை நிறுத்துவதற்கு அந்த ஒரு மாதக் கெடுகூடக் கிடையாது.

நம் ஊர்க்காரனுக்கு இது இன்னும் உறைக்க வேண்டும். மேட்டூருக்கு இத்தனை டி.எம்.சி. வர வேண்டும் என்பதற்கு நாம் எத்தனை படி ஏறினோம்! 1990 ஜூனில் காவிரி நடுவர் மன்றம், மறு வருஷம் இடைக்கால உத்தரவு, 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2013-ல் அரசிதழ், 2018-ல் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று முடித்தது. தண்ணீரை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப இவ்வளவு கட்டுக்காவல். தலைஞாயிற்றுப் பையனைத் துப்பாக்கியோடு இன்னொரு நாட்டுக்கு அனுப்ப ஒரு கையெழுத்து. கடைசிப் படையை மார்ச்சில் திருப்பி அழைத்ததும், ஜூனில் நடுவர் மன்றம் அமைத்ததும் ஒரே வி.பி. சிங் அரசுதான். ஒரே வருஷத்து விஷயங்கள்.

நீ இப்போது மாலத்தீவு என்பாய், எனக்குத் தெரியும். 1988 நவம்பர் 3 விடிகாலையில், ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்களிடமிருந்து காப்பாற்றச் சொல்லி அந்நாட்டு அதிபர் கயூம் கூப்பிட்டார், அன்று ராத்திரியே ஆக்ராவிலிருந்து கிளம்பிய பாராசூட் படை அங்கே விமான நிலையம் இருக்கும் ஹுலுலே தீவில் இறங்கியது. 'நாடாளுமன்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தால் கயூம் தப்பியிருப்பாரா?' நியாயமான கேள்விதான். இதற்கு ஜெர்மனி எப்போதோ வழி கண்டுவிட்டது. 1994 ஜூலையில் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம், படையை வெளியே அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2005-ல் அதற்குத் தனிச் சட்டம் போட்டார்கள். அவசரமானால் முதலில் போ, பிறகு வந்து ஒப்புதல் வாங்கு; சபை வேண்டாம் என்றால் திரும்பி வா. இதில் என்ன முடியாத காரியம் இருக்கிறது?

அமெரிக்காக்காரன் 1973-லேயே, நிக்சனின் வீட்டோவையும் மீறி, சட்டம் போட்டான். 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்கு அறிக்கை, அனுமதி இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்து, படையைப் பத்திரமாக மீட்க இன்னும் 30 நாள். அது ஒழுங்காக நடக்கிறதா என்றால் இல்லை. 2011-ல் லிபியாமேல் குண்டு போட்டு 60 நாள் தாண்டியபோது, தரைப்படை இறங்கவில்லை, எங்கள் ஆட்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை, அதனால் அந்தக் கெடு எங்களுக்குப் பொருந்தாது என்று ஒபாமா அரசு வாதாடியது. இரட்டைக் கோபுரத் தாக்குதலையடுத்து 2001-ல் படைபலத்துக்கு ஒப்புக்கொண்ட ஒரு தீர்மானத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ நாடுகளில் எத்தனையோ வருஷம் சண்டை போட்டார்கள். அன்றைக்குக் கீழவையில் எதிர்த்து ஓட்டுப் போட்டது பார்பரா லீ என்ற ஒரே அம்மாள். அவர் பெயர் நமக்குத் தெரிவதே அங்கே ஓட்டு எடுத்ததால்தான். 1987-க்கு நம்மிடம் அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறதா? யார் அனுப்பு என்றார், யார் வேண்டாம் என்றார்? ஓட்டே இல்லாத இடத்தில் யாரைப் போய்க் கேட்பது?

உண்மையில் கடிவாளம் பணத்தில் இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு கம்போடியாவில் குண்டு போடப் பணம் இல்லை என்று காங்கிரஸ் சொன்னது, குண்டு நின்றது. நம் லோக்சபாவுக்கும் அந்தக் கடிவாளம் உண்டு. அது ஒதுக்காமல் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. ஆனால் பாதுகாப்பு மானியக் கோரிக்கை பல வருஷங்களில் விவாதமே இல்லாமல் கில்லட்டினில், அதாவது மிச்சக் கோரிக்கைகளை மொத்தமாக ஓட்டுக்கு விடுவதில், போய்விடுகிறது. அத்தனை கோடி, ஒரு பேச்சும் இல்லாமல்!

இங்கிலாந்தில் எழுதின சட்டம் இல்லை, வழக்கம் மட்டும்தான். 2013-ல் சிரியாமேல் தாக்கலாமா என்று பிரதமர் காமரூன் நாடாளுமன்றத்தைக் கேட்டார். 285-க்கு 272, 13 ஓட்டில் தோற்றார், பேசாமல் விட்டுவிட்டார். ஐந்து வருஷம் கழித்து தெரசா மே கேட்காமலேயே தாக்கினார். அதனால்தான் எனக்கு வழக்கத்தில் நம்பிக்கை இல்லை, எழுத்தில்தான் நம்பிக்கை. நம் நாட்டிலும் நல்ல வழக்கம் உண்டு. 2003 ஏப்ரலில் ஈராக் போரைக் கண்டித்து லோக்சபா ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அமெரிக்கா படை கேட்டபோது, ஐ.நா. ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று ஜூலையில் வாஜ்பாய் அரசு சொல்லிவிட்டது. எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அதனால் பிழைத்தார்கள்! ஆனால் இன்னொரு பிரதமர் சரி என்றிருந்தால் தடுக்க ஒரு சட்டமும் கிடையாது.

ஐ.நா. சாசனம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. அடுத்த நாட்டின்மேல் பலத்தைப் பிரயோகிக்காதே என்று 2(4) சொல்கிறது. தாக்கினால் தற்காத்துக்கொள் என்று 51 சொல்கிறது. அந்த நாட்டு அரசே அழைத்தால் போகலாம். நம் படை அப்படித்தான் போனது. ஆனால் அது அவர்களுடைய சம்மதம், நம்முடையது இல்லை. யோசித்துப் பார். 1989 ஜூனில் இலங்கை அதிபர் பிரேமதாசா, ஜூலை 29-க்குள் போய்விடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் திரும்பும் பேச்சே சூடு பிடித்தது. நம் பிள்ளைகள் எப்போது வீடு திரும்ப வேண்டும் என்று கொழும்பு சொன்னது. நம் சபைக்கு அதைச் சொல்லும் அதிகாரம் எழுத்தில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கசப்பானது. அதே 1987 ஜூன் 4 அன்று, இலங்கையின் சம்மதம் இல்லாமல், நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலம் போட்டன. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர்வரை ஊரே கைதட்டியது. பசித்தவனுக்குச் சோறு போடுவதை யார் குறை சொல்வார்? எந்த அதிகாரத்தில் பறந்தாய் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. ஜூனில் கேட்காத ஊர் அக்டோபரில் கேட்டபோது காதில் வாங்க ஆளில்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சட்டத்தை யாருக்கும் கோபமும் இல்லாத, கொண்டாட்டமும் இல்லாத ஒரு வருஷத்தில் போட வேண்டும்.

மிலிட்டரி ஒரு தடவை என்னிடம் மட்டும் சொன்னது உனக்குத் தெரியாது. தமிழ் பேசுகிறவர் என்பதால் தேடுதலுக்குப் போகும்போது வீட்டு வாசலில் அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். ஒரு கிழவி, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறாள். தலைஞாயிறு என்றதும், "வேதாரணியத்துக்குக் கிட்டவோ?" என்றாளாம். பிறகு, "உங்களை ஆர் ராசா இஞ்ச அனுப்பினது?" என்று கேட்டாளாம். அவளிடம் கேட்டு வாங்கிய கேள்வியைத்தான் மனுஷன் கடைசிவரை நம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நாம் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். ஒரு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதா, வரைந்திருக்கிறேன்; கூட வைத்திருக்கிறேன், படி. சாரம் இதுதான். வெளிநாட்டு மண்ணில் போர் நடக்கும் இடத்துக்கோ, போர் மூளக்கூடிய இடத்துக்கோ படை போவதானால் இரு அவையின் ஒப்புதல் வேண்டும். அவசரமென்றால் போகலாம், ஆனால் 14 நாளுக்குள் சபைக்கு வர வேண்டும். சபை கூடாத காலமென்றால் கூட்ட வேண்டும். ஒப்புதல் ஆறு மாதத்துக்கு மட்டும். போன காரியம் மாறினால், காவல் சண்டையானால், மறுபடி கேட்க வேண்டும். இந்த வரிக்காகத்தான் மசோதா முழுவதும் எழுதினேன். எல்லையில் நம்மேல் பாய்கிறவனைத் திருப்பி அடிப்பதற்கும், ஐ.நா. நீலத் தொப்பி அமைதிப் பணிக்கும், பேரிடர் உதவிக்கும் அறிக்கை போதும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பிணம் பொறுக்கிக்கொண்டிருந்தபோதே நம் கடற்படை இலங்கைக்கும் உதவப் போனது. அதற்கு யாரும் குறுக்கே நிற்கக் கூடாது.

தனிநபர் மசோதா சட்டமாகாது என்று ஆரம்பிக்காதே. இதுவரை 14 ஆகியிருக்கின்றன, கடைசியானது 1970-ல். எனக்கும் கணக்குத் தெரியும். ஆனால் நம் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதாவை 2015-ல் ராஜ்யசபா நிறைவேற்றவில்லையா? கீழவையில் நின்றுபோனாலும், அரசாங்கம் அந்த விஷயத்தைத் தட்டிக்கழிக்க முடியாமல் போனது.

உனக்கு மூன்று வேலை. 1987 ஜூலை கடைசியிலிருந்து அந்த வருஷக் கடைசிவரை லோக்சபா விவாதங்களைப் பிரதி எடுத்து அனுப்பு. இணையத்தில் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்காதே, எனக்குத் தாளில் வேண்டும். மசோதாவின் நான்காம் பிரிவைக் கண்டிப்பாகக் கிழி. 'போர் மூளக்கூடிய இடம்' என்பதை யார் தீர்மானிப்பது என்பதில் ஓட்டை இருக்கிறது, எனக்கு அடைக்கத் தெரியவில்லை. முப்பது வருஷம் செக்ரடேரியட்டில் மற்றவன் டிராஃப்டை அடித்துத் திருத்தினவன் நீ. மூன்றாவது, மிலிட்டரியின் மகளுக்கு நாலு வரி எழுது. விலாசம் பின்பக்கம்.

எம்.பி. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாராம், நேரம் கேட்டிருக்கிறேன். மார்கழிக்குள் எல்லாம் என் கைக்கு வர வேண்டும்.

அன்புடன்,
வக்கீல்