படகுத்துறைக்கு வெளியே ஏறும் பயணிகள்: சுற்றுலாத் துறைக்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் சுற்றுலாத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், கடலோர மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டுதோறும் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பள்ளி ஆசிரியர்களுள் ஒருவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். ஒரு தலைமுறைக்கு முன்பு படகுச் சவாரி என்றால் பெரும்பாலான குடும்பங்களுக்கு நினைவுக்கு வந்தவை ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ஏரிகள்தாம். இன்று முட்டுக்காடு, முதலியார்குப்பம், பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு, கோவை வாலாங்குளம் என்று படகு இல்லங்கள் பரவியிருக்கின்றன. சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையில் இளைஞர்கள் அலைச்சறுக்குப் பயில்கிறார்கள். மக்கள் நீரை நோக்கி வருவது நல்லது. அதைக் குறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அரசின் படகு இல்லத்தில் சீட்டு வாங்கி ஏறுபவர்களோடு இந்தக் கூட்டம் நின்றுவிடுவதில்லை. படகு இல்லமே இல்லாத கழிமுகத்திலும் கடற்கரை ஊரிலும், மீன்பிடிக்கப் பயன்படும் ஃபைபர் படகில் பேரம் பேசி ஏறிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. என் கவலை முதன்மையாக அவர்களைப் பற்றியது.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் அப்படிப் படகேறியவர்களில் 22 பேர் உயிரிழந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்க உறவினர்களாகச் சேர்ந்து வந்தவர்கள் அவர்களில் பலர். அந்த விபத்துக்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. 2017 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில், சுற்றிப் பார்ப்பதற்காக மீன்பிடிப் படகில் கடலுக்குள் சென்றவர்களின் படகு கவிழ்ந்து மீண்டும் உயிர்கள் போயின. ஓரிடத்தில் தடை விதித்தால் இன்னோரிடத்தில் ஆசை குறைந்துவிடுவதில்லை.

தடையின் வேலை என்ன என்பதைத் தாங்கள் பொறுமையாக எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மீன்பாடு குறைந்த நாளில் சில நூறு ரூபாய் கிடைத்தால் போதும் என்று இருக்கும் படகுக்காரரும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று நிற்கும் குடும்பமும், தடை இருந்தாலும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வார்கள். ஆனால் சவாரி மறைவாக நடக்க வேண்டியதாகிவிடும். மறைவாக நடக்கும் சவாரியில் யாரும் லைஃப் ஜாக்கெட் கொடுக்க மாட்டார்கள். ஆரஞ்சு நிற ஜாக்கெட் அணிந்த கூட்டம் கரையிலிருந்து பார்ப்பவருக்கே காட்டிக் கொடுத்துவிடும். எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதி வைக்க ஆளிருக்காது. படகு திரும்பவில்லை என்றால் எப்போது தேடத் தொடங்குவது, எத்தனை பேரைத் தேடுவது என்பதும் தெரியாது. ஆபத்தைத் தடுக்க வந்த உத்தரவே, காப்பாற்றுவதற்கு இருந்த வழிகளை அடைத்துவிடுகிறது.

மீனவர்களின் திறமையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. முகத்துவாரத்தின் போக்கை அவர்களைப் போல் அறிந்தவர் எவருமில்லை. ஆனால் அந்தப் படகு, அலையறிந்து தாழ உட்காரும் நான்கைந்து தொழிலாளர்களுக்கும் அடியில் கிடக்கும் வலைக்கும் மீனுக்கும் ஏற்றது. அதில் பதினைந்து இருபது பேர் ஏறி, விளிம்பில் உட்கார்ந்து, படம் எடுப்பதற்காக எழுந்து நின்றால், பாரம் மேலேறிப் படகின் நிலைத்தன்மை குலைந்துவிடும். வடியும் நீரும் கடலின் அலையும் எதிரெதிரே மோதும் முகத்துவாரத்தில் அந்தப் படகை நேராக நிறுத்த எந்தத் திறமையும் போதாது.

அரசு நடத்தும் படகு என்பதனாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கும் நம் அருகிலேயே சான்று இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் மூழ்கிய ஜலகன்யகா, கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமான இரண்டடுக்குப் படகு. அதில் இறந்த 45 பேரில் தமிழ்நாட்டினரும் இருந்தனர். தனியார் படகுகளிலும் இதே நிலைதான்: 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகை மாற்றியமைத்து, அளவுக்கு மேல் ஆளேற்றி, இருட்டிய பின் ஓட்டப்பட்ட உல்லாசப் படகு. ஆசிரியன் என்பதால் என்னால் மறக்க முடியாதவை இரண்டு: 2007இல் கேரளத்தின் தட்டேக்காட்டில் 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும், 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும், பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் இறந்தார்கள். ஹர்ணியில் ஏறிய பிள்ளைகள் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுக்கப்படவில்லை.

வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுவது உள்ளூர் மக்களின் பிழைப்பு. அதை அரசு ஒழித்துவிடவில்லை. காவிரியில் வரும் நீர் பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. நீர்வரத்து உயர்ந்தால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்துகிறது, தணிந்ததும் அனுமதிக்கிறது. அங்கும் குறைகள் உண்டு, விபத்துகளும் நடந்திருக்கின்றன. என்றாலும் ஓட்டுபவர் யார், எந்த நிலையில் ஓட்டக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பழவேற்காட்டுக்கும் மணப்பாட்டுக்கும் இதையே கேட்கிறேன். முன்வரும் மீனவர்களுக்கு, அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக, ஆய்வு செய்த படகுக்கு மட்டும் சவாரி அனுமதி கொடுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் தமிழில் எழுத வையுங்கள். முகத்துவாரத்துக்கு எவ்வளவு தொலைவில் படகு திரும்பிவிட வேண்டும் என்பதற்கு மிதவைகளால் எல்லை கட்டுங்கள். சூரியன் மறைவதற்கு முன் கடைசிப் படகு கரை சேர வேண்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், எஞ்சின் படகுகளின் பதிவுக்கும் ஆய்வுக்கும் காப்பீட்டுக்கும் இடம் தருகிறது. எஞ்சின் இல்லாத படகுகளையும் உள்ளூர் அளவில் பதிந்துகொள்ளச் சொல்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இலேயே படகுப் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. விதிகள் ஏட்டில் இருக்கின்றன; கரையில் அவற்றுக்குப் பொறுப்பான ஆள்தான் தேவை.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மக்கள் அதை ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்டால், அலட்சியம் என்ற ஒரே விடை வருகிறது. அது முழு உண்மையன்று. முந்தைய சவாரியின் ஈரமும் வியர்வையும் காயாத, நாற்றமடிக்கும் ஜாக்கெட்டைச் சேலைக்கு மேலோ புதுச் சட்டைக்கு மேலோ யாரும் விரும்பி அணிய மாட்டார்கள். கொக்கி உடைந்து, வார் அறுந்து, வெயிலில் நைந்து போனதைச் சும்மா தோளில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டை மாட்டிவிட்டால், நீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதிலிருந்து நழுவிக் கீழே போய்விடும். ஆகவே எடைக்கேற்ற அளவுகளில், குழந்தைகளுக்குத் தொடையிடை வாருடன், மாற்றிக் காயவைக்கப் போதிய எண்ணிக்கையில் வாங்க வேண்டும். நைந்தவற்றைக் கழித்துக்கட்ட வேண்டும். அணியாதவரை மறுக்கும் பொறுப்பும் படகோட்டியின் தலையில் மட்டும் விழக் கூடாது. பயணிகளின் கூலியையும் அன்பளிப்பையும் நம்பியிருப்பவரால் நடு ஏரியில் படம் எடுக்க ஜாக்கெட்டைக் கழற்றும் ஒருவரை எப்படிக் கண்டிக்க முடியும்? வார் இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்து ஏற்ற, படகுத்துறையில் தனி ஊழியர் வேண்டும். கழற்றினால் படகு உடனே கரைக்குத் திரும்பும், கட்டணம் திருப்பித் தரப்படாது என்று சீட்டிலேயே அச்சிட வேண்டும்.

இவற்றோடு ஆண்டறிக்கை ஒன்றும் வேண்டும். பொழுதுபோக்குப் படகு விபத்துகளை அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுகிறது. 2019இல் 613ஆக இருந்த இறப்பு, கொரோனா காலத்தில் மக்கள் பெருமளவில் நீரில் இறங்கிய 2020இல் 767ஆக உயர்ந்ததும், 2023இல் 564ஆகக் குறைந்ததும் அதனால்தான் தெரிகிறது. 2023இல் காரணம் தெரிந்த இறப்புகளில் நான்கில் மூன்று நீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில் 87 விழுக்காட்டினர் லைஃப் ஜாக்கெட் அணியாதவர்கள். அங்கே பெரும்பாலும் சொந்தப் படகுகள், இங்கே வாடகைப் படகுகள். எனவே அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. நம் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் எத்தனை பேர் சவாரி செய்தார்கள், எத்தனை படகுகள் கவிழ்ந்தன, உயிர் போகாமல் தப்பிய விபத்துகள் எத்தனை, அவை எதனால் நடந்தன என்பதை மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் பொதுவில் வைத்தால், பள்ளிகளும் பெற்றோரும் எங்கே ஏறலாம் என்று தெரிந்து முடிவெடுப்பார்கள்.

இவை அனைத்தையும் ஓராண்டில் முடிக்க இயலாது என்பதை அறிவேன். ஆயினும் காணும் பொங்கலன்று கடற்கரையும் கழிமுகமும் மக்களால் நிறையும். வரும் காணும் பொங்கலுக்கு முன்பாகக் கடலோர மாவட்ட ஆட்சியர்கள் தத்தம் பகுதி மீனவர் கூட்டுறவுச் சங்கங்களை அழைத்துப் பேச வேண்டும். அந்த ஒரு நாளுக்காவது படகுகளின் பெயர்ப்பட்டியலும், சரியான அளவு லைஃப் ஜாக்கெட்டுகளும், எண்ணி ஏற்றிவிட ஓர் ஊழியரும், மீட்புப் படகு ஒன்றும் கரையில் இருக்குமாறு உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியர்