பக்கிங்காம் கால்வாயின் மயிலாப்பூர்ப் பகுதியை மழைக்கு முன் தூர் வாரக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
மயிலாப்பூர் கால்வாய்க் கரையில் குடியிருப்போர், சென்னை.

பெறுநர்:
மதிப்பிற்குரிய செயற்பொறியாளர் அவர்கள், சென்னை.

பொருள்: கால்வாயைத் தூர் வாரி, எங்கள் தெரு வடிகாலின் வாயில் மதகு அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எங்களுடைய முந்தைய மூன்று மனுக்களும் அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளும்.

ஐயா,

வணக்கம். முண்டகக்கண்ணி அம்மன் கோயில் நிலையத்துக்கும் திருமயிலை நிலையத்துக்கும் இடையில், பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கி நிற்கும் இடத்தைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அதன் கரையில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். தை மாதத்திலிருந்து மூன்று மனுக்கள் கொடுத்தும் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு மட்டும் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று கைபேசியில் செய்தி வந்தது. அன்றும் அதற்குப் பிறகும் கரையில் ஒரு மண்வெட்டிகூட இறங்கவில்லை. ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் தங்கள் மேலான கவனத்துக்குக் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. இந்தக் கால்வாய் சாக்கடையாகப் பிறந்ததன்று. வடக்கே எண்ணூர்ப் பக்கம் 1806இலேயே வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்றாலும், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் நீளமுள்ள எங்கள் பகுதி 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று குறைக்கப்பட்டது. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. உழைக்கும் உடம்புக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அப்படிப்பட்ட காலத்தில், பசியோடு வந்தவர்கள் தோண்டிய கால்வாய் இது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை.

2. அதன் பிறகு பல பத்தாண்டுகள் இதில் படகுகள் ஓடின. விறகும் உப்பும் நெல்லும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் இந்த வழியாகவே பட்டணத்துக்குள் வந்தன. காற்று விழுந்த நேரங்களில் படகோட்டிகள் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், தம் தாத்தா இங்கே விறகுத் தொட்டியில் சவுக்குக் கட்டை இறக்கியவர் என்று இன்றும் சொல்கிறார். மயிலாப்பூரின் அடுப்புகள் எரிந்தது இந்தத் தண்ணீரின் தயவில்.

3. இப்போது எங்களை வதைப்பதற்கு வருகிறோம். எங்கள் தெரு மழைநீர் வடிகால் இந்தக் கால்வாயில்தான் விழ வேண்டும். தூர் ஏறி ஏறிக் கால்வாயின் தரை உயர்ந்துவிட்டதால், வடிகாலின் வாய் இப்போது கால்வாய்த் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அங்கே மதகு கிடையாது. தூண்களின் அடியில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அணை கட்டினாற்போல் அடைத்து நிற்கின்றன. போதாததற்கு, இரவோடு இரவாக லாரியில் கொண்டு வந்து கட்டடக் கழிவைக் கொட்டுகிறார்கள். இரண்டு மணி நேரம் கனமழை பெய்தால் போதும், தெருத் தண்ணீர் கால்வாய்க்குப் போவதற்குப் பதிலாகக் கால்வாய்த் தண்ணீர் தெருவுக்கு வருகிறது. தெருவோடு நிற்பதில்லை, குளியலறைத் தூம்பு வழியாகக் கறுப்பாகக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குள் ஏறுகிறது. சென்ற கார்த்திகையில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாயாரின் கட்டிலை, கால் ஒன்றுக்கு மூன்று செங்கல் வைத்து உயர்த்தினார்கள். விடிவதற்குள் இரண்டாவது செங்கல் முழுகிவிட்டது. மகனும் மருமகளும் இரவு முழுவதும் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மூன்றாவது செங்கலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள் ஐயா. அரிசி டிரம்மைத் தூக்கிப் பரண்மேல் வைக்க முடிந்தது, அம்மாவைத் தூக்கி எங்கே வைப்பது? மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது நான்கு விரற்கடைச் சேறு நின்றது. அந்தக் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது, இரண்டு முறை வெள்ளையடித்தும் மறையவில்லை. தாங்கள் ஒருமுறை நேரில் வந்து அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒருமுறை.

4. நாங்கள் பூங்கா கேட்கவில்லை. நடைபாதையோ வண்ண விளக்கோ கேட்கவில்லை.

5. இந்தக் கால்வாய் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் சேப்பாக்கத்தில் செனட் மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது (1874-79). கடற்கரை உலாச்சாலை ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில், 1880களின் நடுவில் வந்தது. பனிக்கட்டி வியாபாரம் நொடித்துப்போன ஐஸ் ஹவுஸில் 1897இல் விவேகானந்தர் தங்கினார். இவற்றையெல்லாம் பாரம்பரியச் சின்னங்கள் என்று காட்டுவதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூட்டமாக அழைத்து வருகிறார்கள். அவர்கள் எங்கள் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறார்கள். செங்கல்லால் கட்டியதற்கு உள்ள மதிப்பு, பஞ்சத்தில் தோண்டியதற்கு ஏன் இல்லை என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா? எத்தனை முறை எழுதுவது? எந்த மேசைக்குப் போனாலும் 'இது எங்கள் பிரிவு இல்லை' என்கிறார்கள். தூண் ஒருவருடையது, தண்ணீர் இன்னொருவருடையது, வடிகால் மூன்றாமவருடையது என்றால், எங்கள் வீட்டுக்குள் வரும் சேறு மட்டும் எங்களுடையதா?

6. சொல் கடுமையாகிவிட்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். மழைக்கு அதிக நாள் இல்லை.

ஆகவே, இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட பகுதியை ஐப்பசிக்கு முன் தூர் வாரவும், அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகாமல் உடனே அப்புறப்படுத்தவும், வடிகாலின் வாயில் மதகு பொருத்தவும், இரவில் கழிவு கொட்டும் லாரிகளைத் தடுக்கவும் ஆவன செய்யுமாறு மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம். இவற்றில் எல்லாம் உடனே இயலாது என்றால், மதகை மட்டுமாவது இந்த மழைக்கு முன் பொருத்தித் தாருங்கள் ஐயா. மதகை மட்டுமாவது. கள ஆய்வுக்குத் தாங்கள் எந்த நாள், எந்த நேரம் குறித்தாலும் நாங்கள் பாலத்தடியில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கால்வாய்க் கரையில் குடியிருப்போர்

இணைப்பு: ஒப்புகைச் சீட்டுகளின் நகல்கள், சுவரில் உள்ள நீர்க்கோட்டின் புகைப்படம்.